பரங்கிமலையில் தொடங்கிய பயணம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சென்னையை அடுத்த பரங்கிமலையைப் புனித தோமையார் மலை என்று நாம் பக்தியோடு அழைக்கிறோம். இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான புனித தோமையார் அங்கே உயிர்த்தியாகம் செய்தார் என்பது வழிவழியாக வரும் மரபு. மலையுச்சியில் 1523ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் உள்ளது. திருயாத்திரையாகச் செல்வோர் ஆலயத்தில் வேண்டிக்கொண்டு, சென்னை நகரைக் கண்குளிரப் பார்த்துவிட்டு இறங்கி விடுகின்றனர். அதே மலையில் ஓர் ஆங்கிலேயரின் மார்பளவுச் சிலை இருப்பதைக் கவனிப்பவர் சிலரே. அவர்தான் கர்னல் வில்லியம் லாம்டன். இந்தியாவை முதன்முதலாகத் துல்லியமாக அளக்கத் தொடங்கிய பெருமை அவரையே சாரும். அன்னாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

இளமைப் பருவம்

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறந்த ஆண்டை 1753 என்றும் 1756 என்றும் இருவிதமாகக் கூறுவர். இளமையிலேயே கணிதத்தில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. 1781இல் படையில் சேர்ந்து அமெரிக்கக் கண்டத்திற்குச் சென்றார். பின்னர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் பல ஆண்டுகள் தங்கி, காடுகளில் நில அளவைப் பணி செய்தார். ஒருமுறை சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் உற்று நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. தோழியரே, கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்று ஆசிரியர்கள் நமக்குச் சொல்வதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே அவர் பிற்காலத்தில் ஒரு நாட்டை அளந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்தியா வந்தார்

1790களின் பிற்பகுதியில், நாற்பது வயதைக் கடந்த பின்பு, தம் படைப்பிரிவோடு அவர் இந்தியா வந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நடந்த போரில் பங்கேற்றார். அப்போது ஓர் இரவில் படை வழி தவறி எதிரியின் முகாமை நோக்கியே நடந்து கொண்டிருந்தது. வானத்து விண்மீன்களைப் பார்த்த லாம்டன், நாம் செல்லும் திசை தவறு என்று தளபதிக்கு உணர்த்தினார். படை திரும்பி நடந்து தப்பியது.

போர் முடிந்ததும், தென்னிந்தியாவின் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை கணித முறைப்படி அளக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை எழுதி அரசிடம் கொடுத்தார். எல்லோரும் அதை வரவேற்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அதற்கு இத்தனை செலவில் படம் எதற்கு என்று நிதிக்குழுவைச் சேர்ந்த ஒருவர் கேலி செய்தாராம். ஆயினும் சென்னை ஆளுநர் ஆதரவளித்ததால் திட்டத்திற்கு அனுமதி கிடைத்தது.

அடிக்கோடு என்னும் அஸ்திவாரம்

லாம்டன் கையாண்ட முறைக்கு முக்கோண அளவை என்று பெயர். முதலில் சமநிலத்தில் ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். இதுவே அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களைக் குறித்துக்கொண்டால், மற்ற இரண்டு பக்கங்களின் நீளத்தையும் கணக்கிட்டே கண்டுபிடித்து விடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து இன்னொன்று என்று ஒரு சங்கிலிபோல் நாடு முழுவதும் போகலாம். நாம் வகுப்பில் படிக்கும் திரிகோணமிதியின் பயன் இதுதான்.

ஆனால் முதல் கோடு பிசகினால் எல்லாமே பிசகும். நம் திருப்பூர்ப் பகுதியில் உள்ளவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வைக்கும் பேட்டர்ன் அட்டை அரை அங்குலம் குறைந்தால், அதை வைத்து வெட்டும் ஆயிரம் உருப்படியும் அரை அங்குலம் குறையும். லாம்டன் செய்யப் புகுந்தது ஒரு நாட்டிற்கே பேட்டர்ன் வெட்டும் வேலை!

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் பணி தொடங்கியது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளந்தனர். எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். எனவே சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மீது மட்டமாக நிறுத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டனர். இவ்வாறு 400 முறை சங்கிலியை இட்டு, சுமார் ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாட்கள் ஆயின. சித்திரை, வைகாசி வெயிலில் இப்பணி நடந்தது என்பதை நினைத்தால் அவர்களுடைய பொறுமை விளங்கும்.

கோணங்களை அளக்கும் தியோடலைட் என்னும் கருவி இலண்டனிலிருந்து வர வேண்டியிருந்தது. அதன் எடை சுமார் அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். அது அறிவியல் கருவி என்று அறிந்ததும், பகைவருடைய பொருளாயிற்றே என்று பாராமல் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தனர். பகைக்கு நடுவிலும் அறிவை மதித்த பண்பு போற்றத்தக்கது.

கொங்கு நாட்டில் லாம்டன்

சென்னையில் தொடங்கிய முக்கோணங்கள் மேற்கே மங்களூர் வரை சென்றன. அதுவரை அவ்விடத்தில் தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று நம்பியிருந்தனர். அளந்து பார்த்தபோது 360 மைல்தான் இருந்தது! பழைய படங்களில் இல்லாத 40 மைல் நிலம் இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து, தெற்கு வடக்காக ஒரு நெடுங்கோட்டை அளக்கத் தொடங்கினார். பூமியின் வடிவத்தை அறிவதே இதன் நோக்கம். விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு ஓர் இடத்தின் அட்சரேகையைக் கண்டறிந்து, நிலத்தில் அளந்த தூரத்தோடு ஒப்பிட்டால், ஒரு பாகைக்கு எத்தனை தூரம் என்று தெரிந்துவிடும். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் இத்தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை.

இதற்காகக் கன்னியாகுமரிப் பகுதியில் ஓரிடத்தையும், கோயம்புத்தூர்ச் சீமையில் பச்சாபாளையம் என்னும் ஊரையும் அவர் தேர்ந்தெடுத்து, இரவெல்லாம் விண்மீன்களை நோக்கினார். பச்சாபாளையம் ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் உள்ளது. நம் முதலிபாளையமும் அதை ஒட்டியே அமைந்துள்ளது. பூமியின் வடிவத்தைச் சொன்ன கணக்கில் நம் கொங்கு மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு என்பது நமக்குப் பெருமை அல்லவா?

தஞ்சையில் நேர்ந்த விபத்து

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. எங்கு பார்த்தாலும் தென்னையும் பனையும் மறைத்தன. எனவே கோயில் கோபுரங்களின் மீது கருவியை ஏற்றிப் பார்த்தனர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணம் குறிக்கும் வட்டம் நெளிந்து போயிற்று.

வேறொருவராக இருந்தால் பணியையே கைவிட்டிருப்பார். லாம்டன் யாரையும் கடிந்துகொண்டு காலத்தைக் கழிக்கவில்லை. கூடாரத்தில் புகுந்து கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்புகளாலும் திருகுகளாலும் நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அதனோடு பொருத்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய நிலைக்கு வந்தது. அதைக் கொண்டே பணியைத் தொடர்ந்தார்.

இறுதி நாட்கள்

1817இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1818இல் அவருடைய பணிக்கு இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் சூட்டப்பட்டது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் அவருக்கு உதவியாளராக நியமிக்கப்பட்டார். முதுமையிலும் லாம்டன் ஓய்வு கொள்ளவில்லை. நாகபுரியை நோக்கிச் செல்லும் வழியில், 1823 ஜனவரி 20ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட் என்னும் ஊரில் காசநோயால் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அதற்குள் 1,65,000 சதுர மைலுக்கும் அதிகமான பரப்பு அளக்கப்பட்டிருந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்ட் தொடர்ந்தார். 1841இல் அந்த நெடுங்கோடு இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. அதன் நீளம் சுமார் 2,400 கிலோமீட்டர். 1852இல் வங்காளத்தைச் சேர்ந்த கணித மேதை ராதாநாத் சிக்தார் செய்த கணக்கினால் உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்று தெரிய வந்தது. 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. அச்சிகரம் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. அந்தக் கணக்கைச் செய்த சிக்தாரின் பெயரும், வழி வகுத்த லாம்டனின் பெயரும் பலருக்குத் தெரியாமலே போயின.

பெயர் தெரியாத உழைப்பாளிகள்

இன்னும் ஒரு கூட்டத்தாரையும் நாம் மறக்கலாகாது. அரை டன் கருவியைக் குன்றுகளின் மீது தோளில் சுமந்தவர்கள் யார்? கொடி பிடித்தவர்கள் யார்? இரவில் குன்றுகளில் விளக்கேற்றிக் காத்திருந்தவர்கள் யார்? அவர்கள் நம் நாட்டு ஏழை மக்கள். கிருஷ்ணா, கோதாவரிக் காடுகளில் பலர் காய்ச்சலால் மாண்டனர். அவர்களுக்குச் சிலையும் இல்லை, கல்லறையில் பெயரும் இல்லை. இந்த அளவையும் படமும் வரி வாங்கவும், படை நடத்தவும், நம்மை ஆளவும் கம்பெனியாருக்குப் பயன்பட்டன என்பதும் உண்மையே. எனினும் அறிவு அழிவதில்லை. கம்பெனியார் போய்விட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற அளவைகளின் மீதுதான் சுதந்திர இந்தியா அணைகளையும் இருப்புப் பாதைகளையும் திட்டமிட்டது.

கல் தேடும் பொழுதுபோக்கு

அளவை நடந்த இடங்களில் பாறையில் வட்டமும் புள்ளியும் செதுக்கி அடையாளம் வைத்தனர். பிற்காலத்தில் கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் குறிக்க, ஜி.டி.எஸ். என்னும் எழுத்துகள் பொறித்த மட்டக்கற்களை ஊர்தோறும் நட்டனர். பழைய ஆலயங்கள், இரயில் நிலையங்கள், அரசுக் கட்டடங்கள் ஆகியவற்றில் இவை காணப்படும்.

அஞ்சல் தலை சேர்ப்பதுபோல், இக்கற்களைத் தேடிக் காண்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் பலர் உள்ளனர். நம் நாட்டிலும் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம் என்று மாநிலம் மாநிலமாகச் சென்று, பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குன்றேறித் தேடுபவர்கள் உண்டு. கல்லைக் கண்டால் பெயர்க்கக் கூடாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். செலவில்லாத, உடலுக்கும் அறிவுக்கும் நலம் தரும் பொழுதுபோக்கு இது.

செயற்கைக்கோள்கள் வந்துவிட்டதால் இக்கற்களைக் கேட்பாரில்லை. சாலை அகலமாகும்போது சில மண்ணோடு போகின்றன. குன்றுகளைக் கல்லுக்காக உடைக்கும்போது சில தூளாகின்றன. பெங்களூருக்கு வெளியே கண்ணூரில் நின்ற பழைய அளவைக் கோபுரம் 2024இல் இடிந்து விழுந்தது. ஒருமுறை அழிந்த கல்லை மீண்டும் நட முடியும். ஆனால் அது பழைய கல் ஆகாது.

முடிவுரை

கண்ணால் கண்டு, கையால் தொட்ட பின்பே நம்புவேன் என்றவர் புனித தோமையார். அவருடைய மலையடிவாரத்திலேயே, அளந்து பார்க்காமல் எதையும் ஏற்காத ஒருவர் தம் முதல் சங்கிலியைப் பதித்தது மிகப் பொருத்தமே. தம் பணியின் முடிவைத் தாம் காண மாட்டோம் என்று அறிந்தும், அடுத்து வருபவர் கணக்கு தவறிவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அங்குலத்தையும் ஒழுங்காக அளந்தார் லாம்டன். நாமும் நம் சிறிய கடமைகளை அவ்வாறே செய்வோம். தோழியரே, அடுத்த விடுமுறையில் ஆலயத்திற்கோ குன்றுக்கோ சென்றால், காலடியில் எழுத்துப் பொறித்த கல் ஏதேனும் தென்படுகிறதா என்று சற்றே குனிந்து பாருங்கள். அதைச் சுமந்து வந்து நட்டவரின் பெயர் நமக்குத் தெரியாவிட்டாலும், அவருக்காக ஒரு சிறு செபம் சொல்லுங்கள்.