அறுவைக்குப் பின்னும் தொடர்ந்த அன்பு

நோயுற்ற குழந்தையின் உடலில் அறுவை மருத்துவர் செய்யும் பணி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அக்குழந்தை வலி தணிந்து, அச்சம் நீங்கி, எழுந்து நடக்கும் வரையிலான நெடும்பணியோ செவிலியருடையது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் நிலைநாட்டியவர் ஆக்னஸ் ஹண்ட். எலும்பு மருத்துவத்தில் செவிலியப் பணி தனித்துறையாக வளர வழிவகுத்த முன்னோடி அவர்.

ஆக்னஸ் 1866ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் உள்ள பாஸ்சர்ச் என்னும் சிற்றூரை அடுத்து வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோது குருதியில் பரவிய நச்சுத்தொற்று அவரது இடுப்பு மூட்டைத் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆயினும் வாழ்நாள் முழுவதும் காலைத் தாங்கித் தாங்கியே நடக்க நேர்ந்தது. உடற்குறையைக் காட்டிச் சலுகை பெறும் வழக்கத்தை அவருடைய தாய் வளர்க்கவில்லை. அக்கண்டிப்பு ஆக்னஸுக்குத் தன்னம்பிக்கையைத் தந்தது.

வலியோடு படுக்கையில் கிடப்பதன் துன்பத்தை அறிந்த அவர், செவிலியராக விரும்பினார். நாள் முழுதும் நின்று செய்யும் பணிக்கு அவரது உடல் இடங்கொடுக்குமா என்னும் ஐயம் எழுந்தது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. 1887ஆம் ஆண்டு வேல்சு நாட்டின் ரில் நகரிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் வீடுதோறும் சென்று ஏழை நோயாளரைப் பேணும் மாவட்டச் செவிலியராகவும் பணியாற்றினார்.

அக்காலத்தில் எலும்புருக்கி நோய் குழந்தைகளின் முதுகெலும்பையும் மூட்டுகளையும் அரித்தது. நோயுற்ற பிள்ளைகள் மாதக்கணக்கில் அசையாது படுத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகையோருக்காக ஆக்னஸ், தம் தோழி எமிலி குட்ஃபோர்டின் துணையுடன், 1900ஆம் ஆண்டு பாஸ்சர்ச்சில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது அரிதாக இருந்ததால், தோட்டத்தில் திறந்த கொட்டகைகள் எழுந்தன. தட்டுப்பாட்டால் நேர்ந்த அம்மாற்றம் நன்மையாகவே முடிந்தது. தூய காற்றும் கதிரவன் ஒளியும் நல்லுணவும் பிள்ளைகளின் உடலைத் தேற்றின; விளையாட்டும் சிரிப்பும் உள்ளத்தைத் தேற்றின.

1903ஆம் ஆண்டு தம் இடுப்பு வலிக்காக லிவர்ப்பூல் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்சை ஆக்னஸ் நாடினார். அச்சந்திப்பு அவரது இல்லத்தின் போக்கையே மாற்றியது. அறுவை தேவைப்பட்ட குழந்தைகளை அவர் தொடர்வண்டியில் லிவர்ப்பூலுக்கு அழைத்துச் சென்றார். அவரது தொண்டினை உணர்ந்த ஜோன்ஸ், பின்னர்த் தாமே பாஸ்சர்ச்சுக்கு வந்து மருத்துவம் செய்தார். 1907ஆம் ஆண்டு அங்கு அறுவைக்கூடம் அமைந்தது. ஓய்வில்லம் மருத்துவமனையாக வளர்ந்தது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. தேறி வீடு திரும்பிய பிள்ளைகள் சிலருக்கு, கண்காணிப்பின்மையால் கால்கள் மீண்டும் வளைந்தன. அடிக்கடி தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிவர ஏழைத் தாயரால் இயலாது. குறை தாயரிடம் இல்லை, தொலைவிலேதான் உள்ளது எனக் கண்ட ஆக்னஸ், சுற்றியுள்ள ஊர்களில் பின்பேணல் நிலையங்களை ஏற்படுத்தினார். செவிலியர் அங்கே சென்று மாவுக்கட்டையும் தாங்கு பட்டைகளையும் சரிபார்த்தனர். வீட்டில் பிள்ளையைப் பேணும் முறையைத் தாய்க்குக் கற்பித்தனர். இவ்வாறு குடும்பமும் மருத்துவத்தின் பங்காளி ஆயிற்று. இம்முறை பின்னர் இங்கிலாந்தின் பிற பகுதிகளுக்கும் வழிகாட்டியது.

முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களையும் அம்மருத்துவமனை ஏற்றுப் பேணியது. 1921ஆம் ஆண்டு அது ஆஸ்வெஸ்ட்ரி நகரை அடுத்த விரிந்த வளாகத்திற்கு மாறியது. 1926ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு ஆக்னஸுக்கு ‘டேம்’ என்னும் உயர் சிறப்பை அளித்தது. நோய் நீங்கினும் தொழிலின்றி வாடும் மாற்றுத்திறனாளி இளைஞருக்காக, அடுத்த ஆண்டே டெர்வென் பயிற்சிக் கல்லூரியை அவர் நிறுவினார். பிறர் இரக்கத்தில் வாழாமல் தம் உழைப்பில் வாழ அவர்கள் கற்றனர்.

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆக்னஸ் ஹண்ட் மறைந்தார். ஆஸ்வெஸ்ட்ரி மருத்துவமனை இன்று ராபர்ட் ஜோன்ஸ், ஆக்னஸ் ஹண்ட் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அறுவை மருத்துவரின் பெயரோடு செவிலியரின் பெயரும் இணைந்து நிற்கும் அச்சிறப்பு, குழந்தையை நலமாக்குவதில் திறனுக்கும் பரிவுக்கும் ஒத்த பங்கு உண்டு என்பதற்குச் சான்றாகும்.