நக்கவாரத்துத் தோணி

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று கூறும் தீவுகளே இன்றைய நிக்கோபார். சோழர் கலங்கள் சென்ற அக்கடலை, 1688ஆம் ஆண்டில் ஒரு சிறு தோணியில் கடந்தவர் வில்லியம் டாம்பியர். மாலுமி என்று உலகம் அவரைப் போற்றுகிறது. நான் அவரை ஒரு மாணவராகவே காண்கிறேன்.

இங்கிலாந்தில் 1651இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து கடலுக்குச் சென்றார். கடற்கொள்ளையரோடு கூடித் திரிந்தார். அது பெருமைக்குரிய வாழ்வன்று. ஆயினும் கண்ட காற்றையும், நீரோட்டத்தையும், மரத்தையும், மனிதரையும் விடாமல் எழுதிவந்தார். 1681இல் பனாமாக் காடுகளைக் கடந்தபோது, தம் குறிப்புகளை மூங்கிற் குழாயில் இட்டு மெழுகால் அடைத்துக் காத்தார்.

1688 மே மாதம், கொள்ளைக் கப்பலை வெறுத்து நிக்கோபாரில் இறங்கினார். உடன் வந்தோர் எழுவர். அவருள் நால்வர் சுமத்திராவின் அச்சே நாட்டார். கோடரி ஒன்றைக் கொடுத்துத் தோணி வாங்கினர். ஏறிய சிறிது நேரத்தில் தோணி கவிழ்ந்தது! கரையேறியதும் டாம்பியர் நனைந்த குறிப்புகளை நெருப்பில் காய்ச்சி உலர்த்தினார். அச்சே நாட்டாரோ பாய்மரம் நட்டு, தோணியின் இருபக்கமும் மிதவைக் கட்டைகளைப் பிணைத்தனர்.

தாழம்பழ ரொட்டியும் தேங்காயும் உணவு. குடைந்த தேங்காய்களிலும் மூங்கில்களிலும் குடிநீர். அச்சே நாட்டார் துடுப்பு வலிக்க, ஆங்கிலேயர் முறை வைத்துச் சுக்கான் பிடித்தனர். வழிகாட்ட ஒரு சிறு திசைகாட்டி. நான்காம் நாள் கதிரவனைச் சுற்றி வட்டம் கட்டியது, புயல் வந்தது. இரவெல்லாம் நீரை இறைத்தபடி காற்றின் போக்கிலே ஓடினர். அம்மிதவைகள் முறிந்திருந்தால் எண்மரும் மாண்டிருப்பர். அந்த இருளில் டாம்பியர் தம் பழைய தீச்செயல்களை எண்ணி நடுங்கினார். சில நாளில் சுமத்திராவில் கரை சேர்ந்தனர். காய்ச்சல் அவரை வாட்டியது.

1690இல் நம் சென்னைக் கோட்டையிலும் சில மாதம் தங்கினார். 1697இல் அவர் குறிப்புகள் நூலாயின, புகழ் வந்தது. மும்முறை உலகைச் சுற்றி, 1715இல் மறைந்தார்.

ஆனால் நண்பர்களே, ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. புயலிரவில் மனம் வருந்திய அவரே, பின்பு உடலெங்கும் பச்சை குத்திய தீவு மனிதர் ஒருவரை அடிமையாக இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, காட்சிப்பொருளாக விற்றுவிட்டார். கீழ்த்திசையாரின் கைத்திறத்தால் உயிர் பிழைத்தவர் செய்யத் தக்க செயலா அது? உயிர் காத்த அந்நால்வரின் பெயரையும் வரலாறு போற்றவில்லை.

டாம்பியரிடம் குறிப்பெடுக்கும் பழக்கத்தைக் கற்போம். அறிவு வளர்ந்த அளவுக்கு அருள் வளரவில்லையே என்பதையும் நம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம்.