பனிச்சரிவை அளந்தவர்

இரவெல்லாம் வீசிய பனிப்புயல் விடியற்காலையில் ஓய்ந்துவிடும். வானம் தெளிந்திருக்கும். மலையெங்கும் புதிய வெண்பனி படர்ந்திருக்கும். பனிச்சறுக்கில் ஈடுபடுவோருக்கு இதைவிடச் சிறந்த நாள் அமையாது. ஆனால், மோன்ட்கோமரி அட்வாட்டர் மிகவும் அஞ்சியது இத்தகைய காலை வேளைகளைத்தான்.

அட்வாட்டர் 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இளையர்களுக்கான சாகசக் கதைகள் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது மலைப்படைப் பிரிவில் பணியாற்றினார். 1945இல் அமெரிக்க வனத்துறை அவரை யூட்டா மாநிலத்திலுள்ள ஆல்டாவிற்கு அனுப்பியது.

ஆல்டா ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்கத் தேவைக்காக மரங்கள் வெட்டப்பட்டதால் மலைகள் மொட்டையாகின. தடுக்க மரமில்லாத மலைகளிலிருந்து பனி சரிந்து பலரின் உயிரைக் குடித்தது. பின்னர் அதே மலைகள் பனிச்சறுக்குத் தலமாக மாறின. அங்கு வருவோரைக் காக்கும் பொறுப்பு அட்வாட்டருடையது.

சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவைப் பற்றிய ஆய்வுகள் நடந்துவந்தன. அமெரிக்காவிலோ அவருக்கு வழிகாட்ட ஆளில்லை. ஆகவே, அவர் ஒவ்வொரு புயலையும் அளக்கத் தொடங்கினார். பழைய பனியின் மேற்பரப்பு எப்படியிருந்தது, புதிய பனி எவ்வளவு விரைவாகப் பெய்தது, அதன் எடை என்ன, வெப்பநிலை ஏறியதா இறங்கியதா என எல்லாவற்றையும் குறித்து வைத்தார். நாளடைவில் ஆபத்தைக் கணிக்க உதவும் பத்துக் காரணிகளை வகுத்தார். அவற்றுள் காற்றை அவர் மிகக் கூர்ந்து கவனித்தார்.

காற்று பனியை வெறுமனே அள்ளிச் செல்வதில்லை. மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு மேல் வீசும்போது, மலையின் ஒரு பக்கத்துப் பனியைத் துடைத்தெடுத்து, முகட்டைத் தாண்டிக் காற்றுப் படாத மறுபக்கத்தில் கொட்டுகிறது. போகும் வழியில் பனித்துகள்கள் மோதி நொறுங்குகின்றன. அந்தத் துகள்கள் மறுபக்கத்தில் நெருக்கமாகப் படிந்து, பலகைபோல் இறுகிவிடுகின்றன. பார்ப்பதற்கு அது உறுதியான தரையாகவே தோன்றும். அதன் அடியில் வலுவற்ற அடுக்கு இருந்தால், ஒரு மனிதரின் எடையே போதும். பலகை முழுவதும் பிளந்து கீழே பாயும். புயலில் பெய்த பனி சில அடிதான் என்றாலும், காற்று சேர்த்த இடத்தில் அது பன்மடங்காகியிருக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது.

அட்வாட்டர் இதை ஏட்டில் மட்டும் கற்கவில்லை. ஆபத்தான இடங்களின் உச்சியில் தாமே சறுக்கிச் சென்று, பனி உடைகிறதா எனச் சோதிப்பது அவர் வழக்கம். ஒருமுறை அவர் காலடியிலேயே பனி பிளந்தது. அவர் பனிக்குள் இழுக்கப்பட்டு, மூச்சுவிட முடியாமல் தவித்து, உயிர் தப்பினார். பிறகும் அதே வேலைக்குத் திரும்பினார்!

மனிதர்களை அனுப்பிச் சோதிப்பதற்குப் பதிலாக, தொலைவிலிருந்தே பனியைச் சரியச் செய்ய வழியுண்டா? 1949இல் தேசியக் காவற்படையினர் ஆல்டாவில் ஒரு பழைய பிரெஞ்சுப் பீரங்கியை இயக்கினர். மலையில் எவரும் இல்லாத நேரத்தில் குண்டுகள் வெடித்தன. பனி தானே இறங்கியது. போருக்காகச் செய்யப்பட்ட கருவி உயிர்காக்கப் பயன்பட்டது. பின்னர், பேஸ்பால் பந்தை எறியும் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு, அழுத்தப்பட்ட வாயுவால் வெடிபொருளை எறியும் இலகுவான கருவியையும் அவர் உருவாக்கினார்.

1960இல் கலிபோர்னியாவின் ஸ்குவா வேலியில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. பனிச்சரிவுப் பாதுகாப்புப் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தம் அனுபவங்களை 1968இல் நூலாக வெளியிட்டார். பனிச்சரிவை வேட்டையாடுவோர் என்பது அந்நூலின் தலைப்புக்குப் பொருள். 1976இல் அட்வாட்டர் மறைந்தார்.