கோமாரியில் முதலிடம் எந்தப் படத்துக்கு?

கோமாரித் தேத்தண்ணிக் கடையொன்றில் மூத்தவர்கள் எம்.ஜி.ஆர். படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ‘நாடோடி மன்னன்’ முதலாவது, மற்றவருக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’. நான் முன்னவர் பக்கம்.

1917இல் கண்டிப் பக்கம் பிறந்தவர் எம்.ஜி.ஆர். தகப்பனை இழந்து, தாயுடன் கடல் கடந்து கும்பகோணம் போனார். வறுமையால் சிறுவயதிலேயே நாடகக் கம்பனியில் சேர்ந்தார். 1936இல் ‘சதிலீலாவதி’யில் சிறுவேடம், கதாநாயகனாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1958இல் கைப்பணத்தைப் போட்டு ‘நாடோடி மன்னன்’ எடுத்து, இயக்கினார். 1967இல் கழுத்தில் குண்டு பாய்ந்து குரல் மாறியது. ஆனாலும் நடித்தார், 1977இல் முதலமைச்சரானார். 1987 டிசெம்பர் 24இல் மறைந்தார்.

கடைசியாகப் பேசிய ஐயா, 1973இல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’தான் முதலாவது என்றார். காரணம், அந்த உடைந்த குரல். போரிலும் சுனாமியிலும் வீடிழந்து, இரண்டு தடவையும் திரும்பிவந்து குடியேறியவர் அவர். யாரும் மறுக்கவில்லை. என் வரிசையும் மாறிவிட்டது.