குழந்தைகளின் காவலர் மரியா மாண்டிசோரி அம்மையார்

ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. அத்தீர்ப்பைச் சுமந்து வாழ்நாள் முழுவதும் தலைகுனிந்து நடப்பது அரிது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த நம் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் இச்சொல்லைக் கேட்டே படிப்பைத் துறந்தனர் என்பதை நாம் அறிவோம். குறை பிள்ளையிடம் இல்லை, கற்பிக்கும் முறையிலேயே உள்ளது எனச் செயலால் மெய்ப்பித்த பேராசான் ஒருவரின் வரலாற்றை இளைஞர்கள் அறிதல் நலம். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் 31-8-1870 அன்று பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை ஊரார் ஏற்காத காலம் அது. தந்தையாரும் விரும்பவில்லை, தாயார் மட்டுமே துணைநின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு ஒன்றாக நின்று பிரேதங்களை அறுத்துப் பயில அவருக்கு இசைவு கிட்டவில்லை. எல்லோரும் சென்ற பின்னர், மாலை வேளையில் தனியே அவ்வறையில் நின்று பயின்றார். ஒதுக்கிவைத்தவர்களுக்கு அவர் அளித்த விடை, 1896-ஆம் ஆண்டில் பெற்ற மருத்துவப் பட்டமே.

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழக மனநோய் மருத்துவ நிலையத்தில் பணியாற்றினார். மனவளர்ச்சி குன்றியோர் என அன்று அழைக்கப்பட்ட குழந்தைகள், பெரியவர்களான மனநோயாளிகளோடு ஒரே விடுதியில் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். வெற்றுச் சுவர்களுக்கிடையே தொட்டுப் பார்க்கவும் அவர்களுக்கு ஒரு பொருள் இல்லை. உணவு முடிந்ததும் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்குவதைப் பணிப்பெண் இழிவாகக் கருதினாள் என்றும், அம்மையாரோ கைகளுக்கு வேலை தேடும் அறிவின் பசியை அதில் கண்டார் என்றும் கூறுவர். இக்குழந்தைகளுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என அவர் துணிந்தார். பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான இட்டார், செகென் ஆகியோரின் நூல்களைத் தேடிக் கற்றதோடு, அவற்றை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதியும் வைத்துக்கொண்டார்.

1900-ஆம் ஆண்டில் ரோம் நகரில், இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி தொடங்கப்பெற்றது. மருத்துவர் மாண்டெசானோ என்பவருடன் அம்மையாரும் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். தலைமைப் பதவி என்பது நாற்காலியில் அமர்வதன்று என்பதை அவர் வாழ்விலே காண்கிறோம். காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை தாமே குழந்தைகளுக்குக் கற்பித்தார்; இரவில் அன்றன்று கண்டவற்றைக் குறித்து வைத்தார். மரத்தாலான எழுத்துகளை விரலால் தடவித் தடவிக் குழந்தைகள் வரிவடிவம் அறிந்தனர். அவர்களுள் சிலர், மற்றப் பிள்ளைகளோடு தேர்வெழுதி வெற்றியும் பெற்றனர். உலகம் வியந்து பாராட்டியது. அம்மையாரோ வேறொன்றைச் சிந்தித்தார். குறைபாடுடைய பிள்ளைகள் இவ்வளவு உயர முடியுமெனில், நல்ல உடலும் அறிவும் வாய்ந்த பிள்ளைகள் பள்ளிகளில் அதே நிலையில் நின்றுவிடுவது ஏன்? இவ்வினாவே அவருடைய பிற்கால வாழ்வை நடத்திச் சென்றது.

6-1-1907 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளிலும் தெருவிலும் திரிந்த பிள்ளைகளே அதன் மாணவர்கள். குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசை நாற்காலிகள், பல அளவு மர உருளைகள், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் ஆகியன அங்கே இருந்தன. தவறான குழியில் உருளையை இட்டால் அது பொருந்தாது. பிழையைப் பொருளே காட்டிவிடும். ஆதலால் பிரம்புக்கும் வசைமொழிக்கும் வேலையில்லை. சில திங்களில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் தொடங்கினர்.

நல்லாசிரியர் இன்றி நல்ல முறை நிலைக்காது என்பதை உணர்ந்த அம்மையார், 1909 முதல் ஆசிரியர் பயிற்சியைத் தம் தலையாய பணியாகக் கொண்டார். மிகுதியாகப் பேசுவதை விட்டுக் குழந்தையைக் கூர்ந்து நோக்குவதே ஆசிரியரின் முதற்கடமை எனப் பயிற்றுவித்தார். முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டு 1934-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கு நடந்த முதற்பயிற்சியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டவர் என ஆங்கில அரசு அவருடைய மகன் மரியோவைச் சிறைக்காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்திற்கும் தடை விதித்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். இத்துன்பங்களுக்கு இடையிலும் பணி நிற்கவில்லை. கோடைக்கானலில் தங்கிய ஆண்டுகளிலும் குழந்தைகளுடனேயே வாழ்ந்தார். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 6-5-1952 அன்று நெதர்லாந்து நாட்டில் இயற்கை எய்தினார்.

இன்று அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் பல, ஏழைகள் எட்ட முடியாத கட்டணம் வாங்குகின்றன. ஆயினும் அம்முறை பிறந்த இடம் செல்வர் மாளிகையன்று. கைவிடப்பட்ட குழந்தைகளின் விடுதியும், கூலித் தொழிலாளரின் குடியிருப்புமே. ஆகவே அது நமக்கும் உரிய செல்வம்.

நம் சங்கத்தின் உதவியால் பயின்று ஆசிரியராகும் இளைஞர்களே! கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் முதலில் செல்லுங்கள். அப்பிள்ளைக்குப் படிப்பு வராது என்று சொல்லும் உரிமை, எல்லா வழிகளையும் முயன்று பார்க்காத எவருக்கும் இல்லை. முயன்று பார்த்தவரோ அவ்வாறு சொல்லவே மாட்டார். அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.