மீசை வைத்த அன்னை

குஜராத்தி மொழியில் மூச்சாளி மா என்றொரு தொடர் உண்டு. இந்தியில் மீசையைக் குறிக்கும் சொல்லோடு அதன் முதற்பகுதியை ஒப்பிட்டுப் பார்த்தால் பொருள் விளங்கிவிடும். மீசை வைத்த அம்மா என்பதே அதன் பொருள். வேடிக்கைக்காக வைக்கப்பட்ட பட்டப்பெயரன்று அது. குழந்தைகளுக்காக வாழ்ந்த ஓர் ஆடவருக்கு மக்கள் அன்போடு சூட்டிய பெயர். அவர்தாம் கிஜுபாய் பதேகா. குஜராத்தில் வாழும் மாணவர்கள் அவர் பெயரைப் பள்ளிச் சுவரிலோ நூலட்டையிலோ கண்டிருக்கக்கூடும். ஏனையோர் இப்பாடத்தின் வாயிலாக அவரை அறிந்துகொள்வீர்கள்.

கிஜுபாயின் இயற்பெயர் கிரிஜாசங்கர் என்பதாகும். அவர் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சௌராட்டிரப் பகுதியில் உள்ள சித்தல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பாவ்நகரில் கல்லூரிக் கல்வியைத் தொடங்கியும் அதனை நிறைவு செய்யவில்லை. பொருள் தேடி 1907இல் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டுச் செல்வது எத்தகையது என்பதை உங்கள் வீட்டுப் பெரியோர் நன்கறிவர். சில ஆண்டுகளில் தாயகம் திரும்பிய அவர், பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். தொழில் நன்றாகவே நடந்தது. மேலும் இருபது ஆண்டுகள் அவர் நீதிமன்றத்திலேயே இருந்திருந்தால் வசதியான வழக்கறிஞர் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார். நாம் அவரைப் பற்றிப் படிக்க வேண்டிய தேவை எழுந்திராது.

1913ஆம் ஆண்டில் அவருக்கு நரேந்திரன் என்னும் மகன் பிறந்தான். மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி தந்தையின் மனத்தில் எழுந்தது. அக்காலப் பள்ளிகளில் பிரம்பே முதல் ஆசிரியராக விளங்கியது. அடியாத மாடு படியாது என்று நம் ஊரில் சொல்வது போன்றதொரு பழமொழி குஜராத்தி மக்களிடையேயும் வழங்கி வந்தது. கிஜுபாயும் அத்தகைய பள்ளியில் பயின்றவரே. தாம் பட்ட துன்பத்தை மகனும் படவேண்டுமா என்று அவர் கலங்கினார். தாம் அடிபட்டுத்தானே ஆளானோம், மகனும் அப்படியே ஆளாகட்டும் என்று ஆறுதல் கொள்வதே தந்தையர் பலரின் வழக்கம். அவர் அவ்வாறு ஆறுதல் கொள்ளவில்லை.

அவ்வேளையில் மோதிபாய் அமீன் என்னும் கல்வியாளர் வழியாக மரியா மாண்டிசோரி அம்மையாரின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. மாண்டிசோரி இத்தாலி நாட்டு மருத்துவர். 1907இல் உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் சிறு குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கியவர். குழந்தைக்கு ஏற்ற பொருள்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டால், தனக்கு வேண்டியதைக் குழந்தை தானே தேர்ந்தெடுத்துச் செய்து கற்றுக்கொள்ளும் என்பதை அங்கு அவர் கண்டறிந்தார். அவர்தம் கருத்துகளைப் படிக்கப் படிக்கக் கிஜுபாயின் மனம் நீதிமன்றத்திலிருந்து விலகிக்கொண்டே வந்தது.

பாவ்நகரில் நானாபாய் பட் என்னும் அறிஞர் தட்சிணாமூர்த்தி என்ற பெயரில் ஒரு கல்வி நிறுவனத்தை நடத்தி வந்தார். இப்பெயர் நமக்கு அயலானதன்று. தமிழகச் சிவன் கோயில்களின் தென்புறச் சுவரில், கல்லால மரத்தடியில் அமர்ந்து, வாய் திறவாமல் சீடர்க்குப் பாடம் உணர்த்தும் இறைவனின் பெயர் அது. குறைவாகப் பேசுகின்ற ஆசிரியரை உருவாக்கப் புறப்பட்ட ஒருவருக்கு இப்பெயர் கொண்ட இடம் வாய்த்தது பொருத்தமே. 1916இல் கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு அங்கு ஆசிரியப் பணியில் சேர்ந்தார். முதலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே பணியாற்றினார். அச்சமும் மனப்பாடப் பழக்கமும் அந்த வயதிற்குள் அவர்களிடம் வேரூன்றிவிட்டதை உணர்ந்தார். ஆகவே, கல்வியைச் சீர்திருத்த வேண்டுமாயின் பள்ளி செல்லும் பருவத்திற்கும் முன்னரே தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

1920இல் பாலமந்திர் பிறந்தது. குழந்தைகளின் கோயில் என்பது அதன் பொருள். இரண்டரை வயதுக் குழந்தைகளும் அங்குச் சேர்க்கப்பட்டனர். 1922இல் குன்றின்மேல் அமைந்த அதன் கட்டடத்தைக் கஸ்தூரிபா காந்தி திறந்துவைத்தார். அங்குப் பிரம்பு இல்லை; பரிசும் இல்லை. அடியை நீக்கியதற்கு வியந்தோர், பரிசை ஏன் நீக்கினார் என்றும் கேட்டனர். அச்சத்திற்காகச் செய்வதும் ஆசைக்காகச் செய்வதும் குழந்தையின் சொந்த விருப்பத்தால் நிகழ்வன அல்ல என்பதே கிஜுபாயின் கருத்து. களிமண், வண்ணம், தோட்ட வேலை, பாட்டு, நாடகம், கதை ஆகியவற்றால் பாலமந்திரின் பொழுது நிறைந்தது. மாண்டிசோரி அம்மையார் சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் சொல்வதை விரும்பியவரல்லர். கிஜுபாயோ பாட்டிமார் சொல்லிவந்த நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்து எழுதினார். கதை சொல்லும் கலையைப் பற்றித் தனி நூலே இயற்றினார். தாம் மதித்த ஆசானிடமும் இந்த ஓரிடத்தில் அவர் மாறுபட்டார்.

குழந்தைகளை விளையாட விடுவது எளிது என்றே யாரும் நினைப்பர். உண்மையில் அது பெரியவர்களுக்கு மிகக் கடினமான செயல். மூன்று வயதுக் குழந்தை ஒரு செம்பிலிருந்து மற்றொன்றில் நீரை ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் சிந்துகிறது. அருகில் இருக்கும் தாய் உடனே செம்பைப் பறித்துத் தாமே ஊற்றிக் காட்டுவார். தந்தை சட்டை நனைந்ததற்காகக் கடிவார். உதவி, கண்டிப்பு என்று இரண்டிற்கும் வெவ்வேறு பெயர் இருந்தாலும் விளைவு ஒன்றே. குழந்தையின் விளையாட்டு நின்றுபோகிறது. அக்குழந்தை நீரை ஊற்ற மட்டுமன்று, தன் கையை அடக்கவும், அளவை மதிப்பிடவும், சிந்தியதைத் துடைக்கவும் கற்றுக்கொண்டிருந்தது. அதைக் காணும் கண் பெரியவர்களுக்குத் தானாக வாய்த்துவிடுவதில்லை, பழக்கத்தால் வரவேண்டும்.

இக்கருத்தே கிஜுபாயின் பிற்காலப் பணிகள் அனைத்திற்கும் அடிப்படை. ஒரு பாலமந்திரில் எத்தனை குழந்தைகள் பயில முடியும்? குழந்தையைப் புரிந்துகொண்ட ஆசிரியர்கள் பெருகினாலன்றி மாற்றம் நிகழாது என்று அவர் எண்ணினார். எனவே 1925இல் அத்யாபன மந்திர் என்னும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அதில் பயிற்சி பெற்றுக் குஜராத்தின் பல ஊர்களுக்கும் சென்றனர். கற்பிக்கும் முறைகளைவிடக் குழந்தையை உற்றுநோக்குதலுக்கே அவர் முதலிடம் தந்தார். குழந்தை எதை எடுக்கிறது, எவ்வளவு நேரம் அதில் ஈடுபடுகிறது, எப்போது சலிப்படைகிறது, எப்போது உண்மையாகவே உதவி வேண்டுகிறது என்பவற்றை ஆசிரியர் அமைதியாகக் கவனித்தறிய வேண்டும். அதற்குப் பின்னரே அவர் குறுக்கிட வேண்டுமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய இயலும். இருபது ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் இருக்கும் நான், இளங்கலைக் கல்வியியல் பட்டத்திற்காகப் படித்த பாடங்களுள் ஒதுங்கி நிற்பது எப்படி என்பதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இப்பணியில் அவருக்குத் தோள்கொடுத்தவர் தாராபாய் மோடக். இராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், 1923இல் அப்பதவியைத் துறந்து பாவ்நகர் வந்தார். மாநாடு கூட்டுதல், சங்கம் அமைத்தல், இதழ் நடத்துதல் முதலான பணிகளில் இருவரும் இணைந்து உழைத்தனர்.

ஆசிரியரைப் பயிற்றுவித்தால் மட்டும் போதுமா? பாலமந்திரில் சில மணி நேரம் சுதந்திரமாக இருக்கும் குழந்தை, எஞ்சிய பொழுதை வீட்டில்தான் கழிக்கிறது. அங்குத் தாய் அதட்டினால், தந்தை அடித்தால், ஆசிரியர் கட்டியது மாலைக்குள் சரிந்துவிடும். ஆகவே பெற்றோருக்காகவும் கிஜுபாய் இடைவிடாமல் எழுதினார். பெற்றோராய் இருப்பது கடினம் என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். வீட்டில் நாள்தோறும் குழந்தைக்கும் பெரியவர்க்கும் இடையே நிகழும் சிறு சிறு பூசல்களை நகைச்சுவையோடு காட்டும் மற்றொரு நூலும் உண்டு. இதென்ன தலைவேதனை என்பதுபோல் அதன் தலைப்பு அமையும். உண்ண மறுப்பது, குளிக்க மறுப்பது, கேள்விமேல் கேள்வி கேட்பது போன்றவை பெரியவர்களுக்குத் தலைவேதனை. அந்தத் தலைவேதனையில் பாதியைப் பெரியவர்களே உண்டாக்குகின்றனர் என்று அவர் காட்டினார். ஆனால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வழக்கறிஞராய் இருந்தவர் அவ்வாறு செய்திருந்தால் வியப்பில்லை. அவரோ பெற்றோரின் களைப்பையும் அறிந்தவராய் அவர்களோடு அமர்ந்து பேசுவதுபோல் எழுதினார். கட்டளையிடும் ஆசிரியரிடம் குழந்தை எப்படி மனம் திறப்பதில்லையோ, அப்படியே பெற்றோரும் மனம் திறப்பதில்லை.

அவர் எழுதிய நூல்கள் ஏறத்தாழ 200. அவற்றுள் புகழ்மிக்கது திவாஸ்வப்ன என்னும் கதைநூல். தமிழிலும் பகல் கனவு என்ற பெயரில் அது வெளிவந்துள்ளது. இலட்சுமிராம் என்னும் ஆசிரியர் நான்காம் வகுப்பில் புதிய முறைகளைச் சோதித்துப் பார்ப்பதே அதன் கதை. முதல் நாள் அவர் போட்டு வைத்திருந்த திட்டம் பாழாகிறது. அமைதி விளையாட்டு என்று அவர் தொடங்க, பிள்ளைகள் கூச்சலிட்டுக் களேபரம் செய்கின்றனர். மறுநாள் கதை சொல்லத் தொடங்கியதும் அதே பிள்ளைகள் அசையாமல் அமர்கின்றனர். எனக்கு இந்நூலில் பெரிதும் பிடித்தது வேறோர் இடம். பிள்ளைகளின் தூய்மை குறித்துப் பேச அவ்வாசிரியர் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டுகிறார். மிகச் சிலரே வருகின்றனர். வகுப்பறையை மாற்ற ஒரு கதை போதுமாயிருந்தது, வீட்டின் கதவு அத்தனை எளிதில் திறக்கவில்லை என்பதைக் கிஜுபாய் மறைக்காமல் எழுதிவிட்டார்.

ஓய்வறியாத உழைப்பு அவர் உடலை நலிவடையச் செய்தது. 1939ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பம்பாயில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அதே ஆண்டு நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் இந்தியா வந்து, சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஐந்து மாத இடைவெளியில், இந்திய மண்ணில் இருவரும் சந்திக்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

தாராபாய் பணியைத் தொடர்ந்தார். 1945இல், இன்றைய மகாராட்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி என்னும் ஊரில், சிற்றூர்க் குழந்தைகளுக்கான மையத்தை அவர் தொடங்கினார். அனுதாயி வாக் என்னும் இளம் ஆசிரியை அவருடன் இணைந்தார். விலையுயர்ந்த கருவிகளுக்கு மாறாகக் கூழாங்கல், இலை, விதை, சிப்பி முதலியன குழந்தைகளின் கையில் விளையாட்டுப் பொருள்களாயின. பழங்குடிக் குழந்தைகள் மையத்தைத் தேடி வரவில்லை. ஆகவே ஆசிரியர்கள் குடிசைகளைத் தேடிச் சென்றனர். வீட்டு முற்றத்திலேயே குழந்தைகளைக் கூட்டினர். பெற்றோர் கூட்டத்திற்கு வராத தாய்மாரும் தம் வாயிலில் நின்றவாறே, தம் குழந்தை என்ன செய்கிறது, ஆசிரியை எப்போது பேசாமல் இருக்கிறார் என்பதைப் பார்க்க முடிந்தது. முற்றத்தை மராத்தியில் அங்கண் என்பர். இந்தியில் ஆங்கன் என்பதை நீங்களும் அறிவீர்கள். 1975இல் நடுவணரசு குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு இட்ட பெயர் அங்கன்வாடி.

அருஞ்சொற்பொருள்

உற்றுநோக்குதல் – கூர்ந்து கவனித்தல். பூசல் – சச்சரவு. கடிதல் – சினந்து பேசுதல். நலிவு – தளர்ச்சி. முற்றம் – வீட்டின் முன்னுள்ள திறந்த வெளி.

பயிற்சி

1. கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டதன் காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுக.
2. பாலமந்திரில் பரிசும் வழங்கப்படாதது ஏன்? இதனை நீங்கள் ஏற்கிறீர்களா?
3. கதை சொல்வதில் கிஜுபாயும் மாண்டிசோரியும் எவ்வாறு வேறுபட்டனர்?
4. செயல்பாடு: உங்கள் தம்பி, தங்கை அல்லது அண்டை வீட்டுக் குழந்தை விளையாடுவதைக் கால் மணி நேரம் குறுக்கிடாமல் கவனியுங்கள். கண்டதைப் பத்து வரிகளில் தமிழில் எழுதி, வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ படித்துக் காட்டுங்கள்.