தந்தையே ஆசானாக – கணித மேதை பாஸ்கல்

பள்ளி வாசலையே மிதியாத ஒருவர் உலகம் போற்றும் கணித மேதையாக விளங்கினார். அவரே பிளேய்ஸ் பாஸ்கல்.

பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் 1623-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அவர் பிறந்தார். மூன்று வயதில் அன்னையை இழந்தார். தமக்கை ஜில்பெர்ட், தங்கை ஜாக்குலின் ஆகிய இருவரும் அவருடன் பிறந்தோர். தாயில்லாப் பிள்ளைகளைப் பிறர் கையில் ஒப்படைக்கத் தந்தை எத்தியேனுக்கு மனம் வரவில்லை. 1631-இல் குடும்பத்துடன் பாரிசு மாநகருக்குக் குடிபெயர்ந்த அவர், தாமே அவர்களுக்கு ஆசானாக அமர்ந்தார்.

அவர் கற்பித்த முறை புதுமையானது. பிள்ளையின் ஆற்றலுக்கு மேற்பட்ட பாடத்தை அவர் ஒருபோதும் சுமத்தவில்லை. மொழி என்றால் என்ன, இலக்கணம் எதற்காகத் தோன்றியது என்பவற்றை முதலில் விளக்கினார். இலத்தீன் மொழியைப் பன்னிரண்டு வயதிற்குப் பின்னரே தொடங்க எண்ணினார். உணவு வேளையிலும் இயற்கையின் விந்தைகளைப் பற்றி உரையாடினார். ஒரு நாள் உணவு மேசையில் யாரோ தட்டைக் கத்தியால் தட்ட, ஓசை எழுந்தது. கை பட்டதும் அடங்கியது. காரணம் தேடிப் பல சோதனைகள் செய்த சிறுவன், ஒலியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டான். அப்பொழுது அவனுக்கு வயது பதினொன்று!

ஆனால், கணிதத்திற்கு மட்டும் வீட்டில் தடை இருந்தது. அதன் சுவையில் மயங்கினால் மொழிப் பாடங்களை மகன் மறந்துவிடுவான் எனத் தந்தை அஞ்சினார். கணித நூல்களைப் பூட்டி வைத்தார். மகன் முன்னிலையில் அதைப் பற்றிப் பேச வேண்டா என்று நண்பர்களையும் கேட்டுக்கொண்டார். மறைக்க மறைக்க ஆவல் பெருகுமன்றோ? வடிவ கணிதம் என்பது வடிவங்களைப் பிழையின்றி வரைந்து, அவற்றின் தொடர்பை ஆராய்வது என்ற ஒரு சிறு விளக்கமே அவனுக்குக் கிடைத்தது. அது போதுமானதாயிற்று.

ஓய்வு நேரங்களில் தனியே அமர்ந்து, கரித்துண்டால் தரையில் வட்டமும் முக்கோணமும் வரைந்தான். அவற்றின் பெயர்களைக்கூட அறியாததால் கோட்டைக் கோல் என்றும், வட்டத்தை வளையம் என்றும் அழைத்தான். ஒரு நாள் தந்தை ஓசையின்றி அறைக்குள் வந்தார். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதை நிறுவ மகன் முயன்றுகொண்டிருந்தான். அது யூக்ளிட் நூலின் முதற்பகுதியில் 32-ஆவது தேற்றம்! பன்னிரண்டு வயது மகன் தானே அங்கு வந்து சேர்ந்திருந்தான். தந்தை ஒன்றும் பேசாது நண்பரின் இல்லம் சென்று ஆனந்தக் கண்ணீர் வடித்தார். தம் திட்டத்தைத் தாமே மாற்றிக்கொண்டு, யூக்ளிட் நூலை மகனிடம் கொடுத்தார். என் கருத்தில், மகனின் அறிவுக்கு ஈடாகப் பாராட்டத்தக்கது தந்தையின் இச்செயலே.

1638-இல் அக்குடும்பத்திற்குச் சோதனை வந்தது. அரசின் நிதி நடவடிக்கையை எதிர்த்ததால் தந்தை தலைமறைவாக நேர்ந்தது. மறு ஆண்டு, அதிகாரம் மிக்க அமைச்சர் ரிஷெலியூ முன் நாடகத்தில் நடித்த சிறுமி ஜாக்குலின், தந்தைக்கு மன்னிப்பு வேண்டிப் பெற்றாள். பின்னர் ரூவான் நகரில் வரி அலுவலராகத் தந்தை நியமனம் பெற்றார்.

அங்கே ஓயாத கணக்கு வேலை! நமக்கு நூறு காசு ஒரு வெள்ளி. அவர்களுக்கோ 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவர். இரவு பகலாகக் கூட்டிக் களைத்த தந்தைக்கு உதவ, 1642-இல் பாஸ்கல் ஒரு கணக்குப் பொறியை உருவாக்கத் தொடங்கினார். ஒரு சக்கரம் முழுச் சுற்றை முடித்ததும் அடுத்த சக்கரம் தானே ஓர் எண் நகரும். ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே அவர் நிறைவடைந்தார். விலை மிகுதியால் அது அதிகம் விற்கவில்லை.

காற்றழுத்தம், நிகழ்தகவு ஆகிய துறைகளிலும் அவர் அரும்பணி ஆற்றினார். அழுத்தத்தை அளக்கும் அலகு இன்று அவர் பெயரையே தாங்குகிறது. இளமை முதல் நோயால் வாடிய அவர், 1662 ஆகஸ்டு 19-ஆம் நாள், 39-ஆவது வயதில் மறைந்தார். தம்பியின் வரலாற்றை எழுதி வைத்தவர் தமக்கை ஜில்பெர்ட். கரித்துண்டின் கதையை நாம் அறிவது அவர் எழுத்தினாலேயே.